அன்பான பாதிக்கப்பட்டவரே

கப்பல் சக்கரம் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மாப்பிள்ளை அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தான். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடியும் தட்டினான். "இந்தக் கோப்பின் வகை தெரியவில்லை" என்று அது அதே பதிலையே சொல்லிக்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் நீச்சல் சங்கத்துச் செயலாளர் நின்றிருந்தார். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"ஆறு வருஷம் முன்னாடி தைச்சுக் குடுத்த அதே சக்கரம்தாங்க. முப்பது துண்டு. சனிக்கிழமை போட்டி."

"இதோ வந்துடுச்சு சார். கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா இருக்கு."

"எங்க மெதுவா இருக்கு? கேட்ட உடனே தெரியாதுன்னு சொல்லிடுதே."

மாப்பிள்ளை அசடு வழியச் சிரித்தான். "ஒரு மணி நேரத்துல நானே போன் பண்றேன் சார்" என்று எப்படியோ அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அது ஒரு எம்ப்ராய்டரி பட்டறை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, சுவர் நிறைய நூல்கண்டுகள். பின்கூடத்தில் ஆறு தலை மெஷின். ஒரே நேரத்தில் ஆறு துணியில் ஒரே படத்தைத் தைத்துத் தள்ளும். பட்டறை மாமனாருடையது. வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது, "நம்ம இடத்துக்கே வந்துடுங்க மாப்ள, எனக்கும் துணையா இருக்கும்" என்று அவர் கூப்பிட்டார். வந்து எட்டு மாதம் ஆகிறது. பட்டறையில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

மாமனாருக்கும் அவனுக்கும் நடுவில் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. இருந்திருந்தால் கொஞ்சம் நெருங்கியிருப்பார்கள். இருந்ததெல்லாம் மரியாதை. அவர் அவனை "வாங்க, உட்காருங்க" என்பார். இவன் எழுந்து நிற்பான். இவன் எழுந்துவிட்டானே என்று அவரும் உட்காரமாட்டார். இப்படி இரண்டு பேரும் நின்றபடியே எட்டு மாதத்தை ஓட்டியிருந்தார்கள். ஒருவர் முன்னால் ஒருவர் "எனக்கு இது தெரியாது" என்று இன்றுவரை சொன்னதில்லை.

வந்த புதிதில் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தான். கணினியை எப்படிக் கையாள வேண்டும் என்று ஏழு விதிகள் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கணினிக்கு மேலே சுவரில் மாட்டினான். முதல் விதி: "தெரியாத எதையும் அமுக்கக் கூடாது." மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழையும் நின்று படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க மாப்ள" என்றார். அன்றிலிருந்து அவன் பக்கத்தில் இருந்தால் அவர் கணினியைத் தொடுவதே இல்லை.

நேற்றுக் காலையில், உடம்பு சரியில்லாத நண்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன், மூன்று நாள் ஆகும் என்று சொல்லி, மாமனார் வெளியூர் கிளம்பினார். முதல் முறையாகப் பட்டறைச் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

"குழந்தைங்க காப்பகத்துக்கு இருபத்துநாலு ஏப்ரன் மட்டும் தைக்கணும். அதுக்கான கோழிக்குஞ்சு படத்தைப் புதுசா வரைஞ்சு வச்சுட்டேன். பழைய டிசைன் எதையும் திறக்க வேண்டாம் மாப்ள. நான் வந்து பாத்துக்கறேன்."

திறக்க வேண்டாம் என்ற அந்த வார்த்தை மாப்பிள்ளையின் மனதில் முள்ளாகத் தைத்தது. சாவியைக் கொடுக்கிறார், நம்பிக்கையைக் கொடுக்கவில்லையே என்று ராத்திரி மனைவியிடம் புலம்பினான். "எங்கப்பா அப்படி நினைக்கிறவர் இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள்.

பழைய டிசைன் என்றால் சும்மா இல்லை. இருபத்திரண்டு வருட உழைப்பு. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு படங்கள். எல்லாம் அவர் கையாலேயே பென்சிலில் வரைந்து, ஒவ்வொரு தையலாக யோசித்துக் கணினிக்குள் ஏற்றியவை. வரைந்த தாள்களை ஒரு முறை கூரை ஒழுகி மழை தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது கணினியில்தான். எண் போட்டு வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கோபக்காரச் சேவல், தூங்குற பூனை, ரெண்டு கால் நாற்காலி, கப்பல் சக்கரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

அந்தச் சக்கரம்தான் இப்போது திறக்கவில்லை.

"ஒரு படத்தைத் திறக்கத் தெரியலன்னு அவருக்கு போன் பண்ணினா என் மானம் என்ன ஆகும்?" என்று மாப்பிள்ளை தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். பதிலுக்கு இணையத்தைத் திறந்தான். 'தையல் கோப்பு திறக்க இலவசச் செயலி' என்று தேடியதும், முதல் வரிசையிலேயே வந்து நின்றது 'நூல் நண்பன்'.

பார்க்கவே லட்சணமாக இருந்தது. நீல நிற நூல்கண்டு, அதன்மேல் ஒரு சரி குறி. காதில் போன் மாட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தது. கீழே பெரிய பச்சைப் பொத்தான்.

அந்த நேரம் பார்த்து நூல் அக்கா உள்ளே வந்தாள். நூல் மாற்றுவது, பிசிறு வெட்டுவது, மெஷினில் துணி பூட்டுவது எல்லாம் அவள்தான். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறாள். திரையை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தம்பி, அந்தப் பச்சையையா அமுக்கப் போறீங்க?"

"ஆமாக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பெரியவரு வரட்டுமேன்னு பாத்தேன்."

"இது பதினஞ்சு லட்சம் பேர் பயன்படுத்தறதுக்கா."

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு பின்கூடத்துக்குப் போய்விட்டாள். இவளுக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தபடி மாப்பிள்ளை பச்சையை அமுக்கினான். தன் தலைக்கு மேலே ஏழு விதிகள் தொங்குவது அவன் நினைவுக்கே வரவில்லை.

நூல்கண்டு அழகாகச் சுற்றியது. "உங்கள் கோப்புகளைத் தயார் செய்கிறோம்" என்றது. மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். பின்கூடத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கோழிக்குஞ்சுகள் ஒழுங்காகத் தயாராகின்றன என்று நிம்மதி.

நூல்கண்டு நின்றது. கோபக்காரச் சேவலின் மேல் ஒரு சின்னப் பூட்டு விழுந்தது. அப்புறம் தூங்குற பூனையின் மேல். அப்புறம் வரிசையாக எல்லாவற்றின் மேலும். அவன் கண் முன்னாலேயே ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பூட்டுகள். கடைசியில் திரை முழுவதும் ஒரு கடிதம் வந்தது. யாரோ எந்த மொழியிலோ எழுதியதை இயந்திரம் தமிழாக்கியிருந்தது.

"அன்பான பாதிக்கப்பட்டவரே! வணக்கம். உங்களுடையது எல்லாம் இப்போது எங்களிடம் பத்திரமாக உள்ளது. அழ வேண்டாம். நாங்கள் சொல்கிறபடி நடந்தால் திரும்பக் கிடைக்கும்."

மாப்பிள்ளை அந்தக் கடிதத்தை அழித்தான். மறுபடி வந்தது. மறுபடி அழித்தான். மறுபடியும் வந்தது. அழிக்க அழிக்க, கோப்புகளைப் போட்டுவைக்கும் ஒவ்வொரு அடைவிலும் ஒரு பிரதி போய் உட்கார்ந்துகொண்டது. அரை மணி நேரமாக அவனும் அதுவும் மாறி மாறி மல்லுக்கட்டினார்கள்.

நூல் அக்கா கதவருகே வந்து நின்றாள்.

"தம்பி, கோழிக்குஞ்சு அவ்வளவுதானா?"

"என்னக்கா?"

"இல்ல, முதல் ஆறுல குஞ்சு வந்துச்சு. அப்புறம் எழுத்தா வருது. நூலையும் துணியையும் மாத்தி மாத்திப் பூட்டிட்டேன். மூணு சுத்து முடிஞ்சிடுச்சு."

மாப்பிள்ளை ஓடினான். மாமனார் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கணினியில் 'தைக்க' என்று ஓர் அடைவு. அதில் எது விழுந்தாலும், படமோ எழுத்தோ, மெஷின் கேள்வி கேட்காமல் தைத்துவிடும். கேள்வி கேட்கிற எதையும் அவருக்குப் பிடிக்காது. அந்த அடைவிலும் கடிதம் போய் விழுந்திருந்தது.

பதினெட்டு ஏப்ரன்கள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் சிவப்பு நூலில், நுணுக்கமான தையலில், "அன்பான பாதிக்கப்பட்டவரே! வணக்கம்" என்று தொடங்கி நான்கு வரி.

"அக்கா, இதைப் படிக்கவே இல்லையா நீங்க?"

"படிச்சேன். மரியாதையா வணக்கம்னுதானே போட்டிருக்கு? நீங்கதான் ஏதோ புதுசா பண்றீங்கன்னு விட்டுட்டேன்."

மாப்பிள்ளை மெஷினின் மின்சாரத்தைப் பிடுங்கினான். மனைவிக்குப் போன் செய்தான். அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை; இடைவேளையில் எடுத்தாள். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினான்.

"அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"உங்கப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? சாவி குடுத்து முழுசா ரெண்டு நாள் ஆகல."

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லாம எப்படி இருக்கறது?"

"மணி அடிச்சிடுச்சு. நான் கிளாசுக்குப் போறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். எந்தப் பக்கமும் சாயாத ஆலோசனை.

மாப்பிள்ளை திரும்ப வந்து உட்கார்ந்தபோது, கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு சின்னப் பெட்டி அவனுக்காகக் காத்திருந்தது. "பாதிக்கப்பட்டீர்களா? கவலை வேண்டாம். 'காவல்காரன்' உங்களைக் காப்பாற்றும். இலவசம்." படத்தில் மீசை வைத்த ஒரு காவல்காரர். கையில் கேடயம். நல்ல மனிதராகத் தெரிந்தார். மூழ்குகிறவனுக்குக் கையை நீட்டுவது யார் என்று பார்க்கத் தோன்றுமா? அமுக்கினான்.

காவல்காரர் நூல் நண்பனின் ஒன்றுவிட்ட தம்பி என்பது பத்தாவது நிமிடத்தில் தெரிந்தது. சுட்டி தானாக நகர்ந்தது. மின்னஞ்சல் பெட்டி தானாகத் திறந்தது. பட்டறையின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் ஒரு கடிதம் பறந்தது. "எங்கள் பட்டறை நம்பிப் பயன்படுத்துவது நூல் நண்பன். நீங்களும் உடனே நிறுவிக்கொள்ளுங்கள்." கீழே மாப்பிள்ளையின் பெயர், கைபேசி எண், கூடவே ஒரு புன்னகைப் பொம்மை.

மாப்பிள்ளை இணையக் கம்பியைப் பிடுங்கி எறிந்தான். அதற்குள் கைபேசி அடிக்க ஆரம்பித்தது. முதல் ஆள் நீச்சல் சங்கத்துச் செயலாளர்.

"தம்பி, நீங்க அனுப்பினதைப் போட்டேங்க. ரொம்ப நன்றி. ஆனா போட்டி அட்டவணை மேல எல்லாம் சின்னச் சின்னப் பூட்டா தெரியுதே, அது எதுக்கு?"

மாப்பிள்ளை கண்களை மூடிக்கொண்டான். "சார், அதை உடனே அணைச்சு வைங்க. நான் அனுப்பல."

"கீழே உங்க பேர் இருக்கே?"

"பேர் இருக்கு சார். நான் இல்ல."

அடுத்தடுத்து பதினொரு பேரை அவனே கூப்பிட்டு, "என் பேர்ல வந்ததைத் திறக்காதீங்க" என்று கெஞ்சினான். பாதிப் பேர் அவன் குரலையே நம்பவில்லை. "நீங்க நிஜமாவே நீங்கதானா?" என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு இருந்த நிலையில் அவனால் அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

எதிர்ச்சாரியில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரைத் தெருவே 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும். மாப்பிள்ளை அவரைக் கையோடு அழைத்து வந்தான். அவர் பையை மேசைமேல் வைத்துவிட்டு, கணினியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"காலையில பதினோரு மணியிலேர்ந்து."

"என்ன குடுத்தீங்க?"

"நூல் நண்பன். அப்புறம் காவல்காரன்."

டாக்டர் உச்சுக்கொட்டினார். "பேரைப் பாத்தா நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். உள்ள விட்டதும் வீட்டையே எழுதி வாங்கிக்கும். இதுங்க வேலையே அதுதான். நல்லதா வேஷம் போட்டுட்டுத்தான் வரும்." அவர் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "டிஸ்க் புதுசா இருக்கே?"

"மாமா போன மாசம் மாத்தினார். பழசு சத்தம் போடுதுன்னாரு."

"ஒரு விஷயம் வேடிக்கையா இருக்கு. உங்க மாமாவோட டிசைன் ஆயிரத்துச் சொச்சமும் இம்மி பிசகாம ஒரே அளவு."

"எங்க மாமா எதையும் அளவாத்தான் செய்வார்" என்றான் மாப்பிள்ளை. அந்த நிலைமையிலும் அவனுக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் தன் பையிலிருந்து ஒரு துப்புரவுச் செயலியை எடுத்துப் போட்டார். "இது நான் பத்து வருஷமா வச்சிருக்கறது. வேஷக்காரன் இல்ல" என்று உறுதி சொன்னார். அது மெல்ல மெல்லத் தேடியது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டது. "பாதிக்கப்பட்ட கோப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. நீக்கவா?"

டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை டாக்டரைப் பார்த்தான்.

"பாதிக்கப்பட்டதுன்னா கெட்டதுதானே?" என்றான் மாப்பிள்ளை.

"கெட்டதுதான்."

"கெட்டதை நீக்கறது நல்லதுதானே?"

"நியாயமாத்தான் படுது" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை தன் விரலால் தானே 'ஆம்' என்று அமுக்கினான். நூல் நண்பன் போனான். காவல்காரன் போனார். கோபக்காரச் சேவல் போனது. தூங்குற பூனை போனது. பூட்டு விழுந்த எல்லாமே பாதிக்கப்பட்ட கோப்புகள்தான் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. திரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"கிருமி சுத்தமா போயிடுச்சு" என்றார் டாக்டர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "கூடவே நோயாளியும் போயிட்டாரு."

"திரும்பக் கொண்டுவர முடியாதா?"

"என் செயலி நல்ல செயலிங்க. தடயமே இல்லாம துடைச்சிடும்." அவர் பையை மூடினார். வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒண்ணு பண்ணுங்க. கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, பெட்டி தானா செத்துடுச்சுன்னு சொல்லிடுங்க. யார் வந்து பாக்கப் போறா?"

அவர் போன பிறகு காப்பகத்து அம்மா ஏப்ரன் வாங்க வந்தாள். மாப்பிள்ளை தடுப்பதற்குள் நேராகப் பின்கூடத்துக்குப் போய், கயிற்றில் தொங்கியதை வாய்விட்டுப் படித்தாள். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, அதெல்லாம் பிரிச்சுட்டுத் திரும்ப…"

"எதுக்குப் பிரிக்கணும்? காலையில பிள்ளைய விட்டுட்டுப் போக மனசில்லாம வாசல்ல நின்னு அழற அம்மாமாருக்கு இதைத்தானே நான் தினமும் வாய் வலிக்கச் சொல்றேன்?" குஞ்சு போட்ட ஆறையும் எழுத்து போட்ட பதினெட்டையும் மடித்து எடுத்துக்கொண்டு, அவள் சந்தோஷமாகக் கிளம்பினாள்.

வேறொரு நாளாக இருந்தால் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காலியான திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். டாக்டர் சொன்ன பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் யாருக்கும் தெரியாது. சாவி கையிலேயே இருக்கும். மாமனார் வருத்தப்படுவார், ஆனால் இவன்மேல் வருத்தப்படமாட்டார்.

"தூங்குற பூனை" என்று சொல்லிக்கொண்டான். அது அவன் மனைவி சின்னப் பெண்ணாக இருந்தபோது, காய்ச்சலில் படுத்திருந்தவளுக்காக அவர் வரைந்தது. அவளுடைய பழைய கவுன் ஒன்றில் அந்தப் பூனையை அவன் பார்த்திருக்கிறான். வேலை இல்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில், ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் தன்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்த மனிதர். அவரிடம் போய்க் கரண்ட் கதையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்தான். "கோபக்காரச் சேவல்… ரெண்டு கால் நாற்காலி… மூக்குச் சளி மேகம்…"

பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினான். நூல் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டுத் துணியால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தாள். தோள்கள் குலுங்கின. அவளும் இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்தவள்தானே, அழாமல் என்ன செய்வாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமனாருக்குப் போன் செய்தான். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறிச் சத்தம். யாரோ "அடுத்த நம்பர் வாங்க" என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நண்பர் பக்கத்தில் இருக்கிறார் போலிருக்கிறது. நேரம் பார்த்துத்தான் கூப்பிடுகிறேன் நான் என்று நொந்துகொண்டான்.

"மாமா, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"சொல்லுங்க மாப்ள."

அவன் சொன்னான். கப்பல் சக்கரம், பச்சைப் பொத்தான், காவல்காரன், டாக்டர், ஒன்றையும் மறைக்கவில்லை. 'ஆம்' என்று அமுக்கியது தன் விரல்தான் என்பதையும் சொன்னான். கரண்டின் மேல் பழி போட நினைத்ததையும் சேர்த்துச் சொன்னான். "நான் எழுதி மாட்டின முதல் விதியை நானே மதிக்கல மாமா."

"எல்லாமேவா மாப்ள?"

"எல்லாமே மாமா."

"ஒண்ணுகூட மிச்சம் இல்லையா? திறந்து பாக்கறதுக்குக்கூட?"

"இல்ல மாமா." அவன் குரல் உடைந்தது.

மாமனார் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். அது இவன் காதையே சுட்டது.

"பரவால்ல மாப்ள."

"மாமா!"

"மனுஷன்னா கை தவறத்தான் செய்யும். அதை மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்கு ஒரு தைரியம் வேணும். எல்லாருக்கும் வராது." அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "உங்க கையால போனா என்ன, என் கையால போனா என்ன? எல்லாம் ஒண்ணுதான். மனசுல வச்சுக்காதீங்க. இனிமே அந்தப் பேச்சே நமக்குள்ள வேண்டாம். நான் வியாழக்கிழமை வந்துடறேன். சக்கரத்தைப் புதுசா வரைஞ்சுக்கலாம். நீங்களும் பக்கத்துல உட்காருங்க, கத்துத் தரேன்."

போனை வைத்த மாப்பிள்ளை அப்படியே மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எட்டு மாதமாக எதிரில் நின்றபடியே இருந்த மனிதர் முதல் முறையாகப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெட்கப்படாமல் அழுதான்.

"இப்படி ஒரு மனுஷன் உலகத்துல இருப்பாராக்கா?" என்றான், மூக்கை உறிஞ்சியபடி. "இருபத்திரண்டு வருஷ உழைப்பு. ஒரு சுடுசொல் வரணுமே! நான்தான் அவரைத் தப்பா நினைச்சிட்டேன். அவர் பெருந்தன்மைக்கு முன்னாடி நானெல்லாம் தூசி."

நூல் அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்க தம்பி, பாக்க முடியல, அதான் சொல்றேன். போன மாசம் அவரும் இதே பச்சையத்தான் அமுக்குனாரு, அன்னிக்கே எல்லாம் போச்சு. படிச்ச மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு புது டிஸ்க்கை மாட்டிட்டு, இப்ப பழசைத் தூக்கிட்டு வெளியூர் ரிப்பேர்க் கடையில உக்காந்திருக்காரு. பாதி டிசைன் மீண்டுடுச்சுன்னு மத்தியானம்தான் எனக்கு போன் பண்ணினாரு. நீங்க இன்னிக்குத் தொலைச்சதெல்லாம், அவரு பேர் சொல்லச் சொல்ல நான் உக்காந்து அடிச்சு வச்ச ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு வெத்துக் கோப்பு, அவ்வளவுதான்."